ரோஜாவுக்கு அடியில் ஒரு மரம்

ரோஜா பெர்ஃப்யூமில் பழவாசனை எங்கிருந்து வருகிறது? பெட்டியில் பீச், ப்ளம், லிச்சி என்றெல்லாம் அச்சிட்டிருப்பதைப் பார்த்தால், யாரோ ரோஜாவில் பழச்சாற்றை ஊற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். சாறு எதுவும் கிடையாது. பீச் மணம் காமா-அன்டெகாலாக்டோன் என்கிற ஆய்வகச் சரக்கு. 1919இல் கெர்லான் நிறுவனம் மிட்சுகோவில் போட்டது அதைத்தான். ஆனால் இன்னொரு பழம் ரோஜாவுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. பல்கேரிய ரோஜா எண்ணெயை அக்கக்காகப் பிரித்துப் பார்த்த வேதியியலாளர்கள் பீட்டா-டமாசினோன் என்ற மூலக்கூறைக் கண்டுபிடித்து 1970இல் வெளியிட்டார்கள். எண்ணெயில் அதன் பங்கு 0.14 சதவீதம் அளவுதான். ஆனால் பெரும்பங்கு வகிக்கும் சிட்ரோனெல்லாலைவிட மூக்கில் அதிகம் உறைப்பது இதுதான். வேகவைத்த ஆப்பிள், ப்ளம் பழம், கொஞ்சம் தேன். இதன் பங்காளிகளான டமாஸ்கோன்கள் இல்லாவிட்டால் இன்றைய பழரோஜா வகையே இல்லை.

மணிக்கட்டில் அடித்துப் பாருங்கள். முதல் பத்து, பதினைந்து நிமிடம் ஆல்கஹாலும் எலுமிச்சை வகையறாவும் லேசான பழ எஸ்டர்களும் பறந்துபோகும். தர்மபுரியின் மே மாசத்து வெயிலில் அந்தப் பதினைந்து நிமிடமும் சந்தேகம்தான். பிறகுதான் ரோஜா விரியும். அதில் ஃபீனைல்எத்தில் ஆல்கஹால் நமக்குப் பழக்கமானது. தண்ணீரில் கரையும் என்பதால் பன்னீரில் தங்கிவிடுவது அதுதான். கல்யாண வாசலில் பன்னீர்ச்செம்பிலிருந்து நம் மேல் விழுகிறதே, அந்த மணம். டமாஸ்கோன் இன்னும் சில மணிநேரம் தாங்கும். கடைசியில் சட்டைக் கையில் மிஞ்சுவது கனமான மூலக்கூறுகள்: கஸ்தூரி மாதிரியானவை, சந்தனம்.

இந்தச் சந்தனம் கடைசியில் தெரிந்தாலும், பழைய அத்தரில் முதலில் ஊற்றப்பட்டது அதுதான். நூர்ஜஹானின் அம்மா அஸ்மத் பேகம் பன்னீர் காய்ச்சும்போது மேலே மிதந்த ஆடையைக் கவனித்துதான் ரோஜா அத்தர் பிறந்தது என்று ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். கன்னோஜில் வேறு முறை. செப்பு அண்டாவில் பூவும் தண்ணீரும் கொதிக்கும். ஆவி மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய் நிரம்பிய பாத்திரத்துக்குள் இறங்கும். சந்தன எண்ணெய் மெதுவாக ஆவியாகும். தன் மணத்தால் ரோஜாவை அமுக்காது. அதனால் ரோஜா அதைப் பிடித்துக்கொண்டு தோலில் தங்கும். எங்கள் மொழியில் சொன்னால், மேலே தெரியும் ஆப் ரோஜா, உள்ளே ஓடும் சர்வர் சந்தனம்.

அந்த மரம் வளர்ந்த இடங்களில் ஒன்று தர்மபுரி மாவட்டத்தின் சித்தேரி மலை. மலையடிவாரத்தில், அரூர் பக்கத்தில் வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். கடத்தல் சந்தனக்கட்டையைப் பதுக்கி வைத்திருப்பதாகச் சொல்லி 1992 ஜூன் 20 அன்று வனம், காவல், வருவாய்த் துறையினர் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஊராரை அடித்தார்கள், 18 பெண்களை வன்புணர்வு செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு நடக்கும்போதே 54 பேர் இறந்துபோக, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பத்தொன்பது வருஷம்!

வாசனை பற்றி நிறைய வாசிக்கிறேன். மைசூர்ச் சந்தனத்தின் பால்மணம், வெண்ணெய்த்தன்மை என்று பக்கம் பக்கமாக உருகுகிறார்கள். மரம் எந்த ஊரில் நின்றது, அதன் பேரால் யார் அடி வாங்கினார்கள் என்று எழுதுபவர் குறைவு. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

சந்தன எண்ணெய் விலை ஏற ஏற, கன்னோஜில் பலர் லிக்விட் பாரஃபினுக்கு மாறிவிட்டார்கள். பெரிய நிறுவனங்களிடம் சாண்டலோர், ஜாவனால் என்று ஆய்வகச் சந்தனங்கள் இருக்கின்றன. இன்று கடையில் வாங்கும் பழரோஜா பாட்டிலில் பெரும்பாலும் அந்த வகைதான்.

வாச்சாத்தி தண்டனைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதற்குள் 31 வருஷம் ஆகியிருந்தது.