தேசிங்கு வாளும் கூடைப்பிடியும்

செஞ்சிக் கோட்டைன்னாலே தேசிங்கு ராஜா. தேசிங்குன்னா கையில வளைஞ்ச வாள், பிடியில சிவப்புக் குஞ்சம். அதே மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லி வீட்டுச் சுவர்ல மாட்டுறவங்களும் உண்டு. பட்டறைக்கு ஆர்டர் குடுக்குறதுக்கு முன்னாடி இந்த இழையைப் படிச்சிடுங்க.

1677-ல் சிவாஜி பிடிச்சதிலிருந்து 1698-ல் முகலாயத் தளபதி சுல்பிகர் கானிடம் விழுற வரைக்கும் செஞ்சி மராட்டியர் கோட்டை. அவங்க விரும்பின வாள்கள்ல ஒண்ணு, நேரான நீள அலகு கொண்ட 'பிரங்கி'. பரங்கிப்பேட்டை, பரங்கிக்காய்ல வர்ற அதே பரங்கிதான். அலகு ஐரோப்பாவுல இருந்து கப்பல்ல வரும். பிடியை நம்மூர்க் கொல்லர் செஞ்சு பொருத்துவார். ஸ்காட்லாந்திலும் கதை இதேதான்: அலகு ஜெர்மனி, கூடைப்பிடி உள்ளூர்.

உலகத்துக்கே உருக்கு எஃகு ஏற்றுமதி பண்ண நாட்டுக்கு வெளிநாட்டு அலகு எதுக்கு? நம்ம உருக்குல கார்பன் அதிகம். கூர்மை நிக்கும், ஆனா நீளமான மெல்லிய அலகுல சட்டுனு முறியுற ஆபத்தும் உண்டு. கூடவே 'இம்போர்ட்டட்' மோகம் வேற! ஜெனோவா கொல்லர்களோட பல் வச்ச பிறை முத்திரையை நம்ம கொல்லர்களே உள்ளூர் அலகுல குத்தி வித்திருக்காங்க. அதாவது, 'ரெப்ளிகா' வியாபாரம் அன்னைக்கே ஜோரா நடந்திருக்கு.

இப்ப என் துறைக்கு வர்றேன். வாளைப் பிடிச்ச கையில முதல்ல வெட்டு விழுற இடம் விரல்களோட மேல்புறம். அங்க சதையே கிடையாது. தோலுக்கு அடியிலேயே தசைநாண், அதுக்கு அடியில எலும்பு. அரிவாள் வெட்டோட கேஷுவாலிட்டிக்கு வர்ற கைகள்ல இதைத்தான் பார்க்கிறோம்: காயம் சின்னதா தெரியும், விரல் நிமிராது. மயக்க மருந்தும் டி.டி. ஊசியும் இல்லாத காலத்துல அந்தக் கையோட கதி என்ன? கூடைப்பிடி அழகுக்கு வந்ததில்ல. விரல்களை மூடுற அகலமான இரும்புத் தகடு, உள்ளே துணி மெத்தை. பிடியோட அடியில நீளமா ஒரு முள் நீட்டிக்கிட்டு இருக்கும். ஓங்கி வெட்டும்போது இடது கையால அதையும் பிடிச்சுக்கலாம்.

தேசிங்கு மராட்டியர் இல்ல, புந்தேலா ராஜபுத்திரர். ஆனா அவங்க மரபு வாளான 'கண்டா'வும் நேரான அலகுதான், இதே கூடைப்பிடிதான். 1714 அக்டோபர் 3, ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானோட பெரும்படையை எதிர்த்து சில நூறு பேரோட போனப்ப அவருக்கு வயசு 22-ன்னு சொல்வாங்க. நம்ம ஹவுஸ் சர்ஜன் பசங்க வயசு! நண்பர் மகமத்கானும் அதே களத்துல இறந்தார்.

செய்யச் சொல்றவங்க கவனிக்க: வளைஞ்ச தல்வார்ல அலகோட வாலை அரக்கு ஊத்திப் பிடிக்குள்ள இறுக்குவாங்க. கூடைப்பிடியில அப்படி இல்ல. பிடியில இருந்து ரெண்டு பட்டை அலகு மேல இறங்கி, ஆணி அடிச்சு முறுக்கியிருக்கும். வெல்டிங் வச்சு ஒட்டினா அது சினிமா வாள். அசல் பார்க்கணும்னா சென்னை எழும்பூர் மியூசியம் போங்க, தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையில இருந்து வந்தவை அங்க இருக்கு. பிடியோட உள்பக்கத்தையும் குனிஞ்சு பாருங்க.