நூற்றுக்கு ஐம்பத்தைந்து

ஒரு சரக்குக்கு 1,995 டாலர் என்று விலை பேசி வைத்திருக்கிறீர்கள். விளம்பரச் செலவை எங்கிருந்து எடுப்பது என்று கேள்வி வருகிறது. அதையும் விலையிலேயே ஏற்றிவிட்டால் போச்சு!

1984 ஜனவரியில் ஆப்பிளின் மெக்கின்டோஷ் கம்ப்யூட்டர் 2,495 டாலருக்குக் கடைக்கு வந்தது இப்படித்தான். ஏற்றியவர் பெப்ஸியிலிருந்து வந்த ஜான் ஸ்கல்லி. ஸ்டீவ் ஜாப்ஸ் மல்லுக்கு நின்று பார்த்தார். நடக்கவில்லை. இத்தனைக்கும், மெக்கை முதலில் கனவு கண்ட ஜெஃப் ராஸ்கின் மனசில் இருந்தது ஆயிரம் டாலருக்குள் ஒரு மெஷின்.

மெக் லேசுப்பட்ட சரக்கு இல்லை. மௌஸைப் பிடித்துப் படத்தின் மேல் அழுத்தினால் வேலை நடக்கும். ஐபிஎம் ரகங்களில் கட்டளைகளை மனப்பாடம் செய்து டைப் அடிக்க வேண்டும். எனவே, அச்சுத் தொழில்காரர்களும் டிசைனர்களும் கேட்ட காசைக் கொடுத்தார்கள். நூறு டாலருக்கு விற்றால் 55 டாலர் மொத்த லாபம் நிற்கவேண்டும் என்பதில் ஆப்பிளின் ழான் லூயி கஸே பிடிவாதமாக இருந்தார். மலிவாக ஒரு மெக்? மூச்!

பி.காம். படித்தவனுக்கு அந்த 55-ஐக் குறைசொல்ல மனசு வராதுதான். ஆனால், கணக்குப் புத்தகத்தில் தலைகாட்டாத ஆசாமி ஒருவர் இருந்தார். சாஃப்ட்வேர் எழுதுகிறவர். மெஷின் அழகா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். எத்தனை மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது? அதைத்தான் பார்ப்பார். ஐபிஎம்மைப் பார்த்து காம்பேக் தொடங்கி ஆளாளுக்குக் கம்ப்யூட்டர் செய்ய, அங்கே விலை சரிந்துகொண்டே போனது. கூட்டம் அந்தப் பக்கம். புதுப் புரோகிராம்களும் அந்தப் பக்கம். கூடுதலாகக் காசு கொடுத்து மெக் வாங்கியவர், 'உங்க மெஷினுக்கு இன்னும் வரலையே' என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

1988-ல் மெமரி சிப் விலை ஏறியதைச் சொல்லி, மெக் விலையை இன்னும் ஏற்றினார்கள். வியாபாரம் படுத்தது. 1990 மே மாதம் விண்டோஸ் 3.0 வந்தது. அதே மௌஸ், அதே படம், மலிவான கம்ப்யூட்டரில், சுமாராக. சுமாரே போதும் என்றார்கள் ஜனங்கள். அக்டோபரில் ஆப்பிள் இறங்கி வந்து, 999 டாலருக்கு மெக் கிளாசிக் விற்றது. கேட்டவர்களுக்குக் கொடுத்து மாளவில்லை! உள்ளே இருந்ததோ 1984-ன் அதே 68000 சிப். ஆறு வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

1997 ஆகஸ்ட், பாஸ்டன். ஆப்பிளுக்கு அந்த நிதியாண்டில் நஷ்டம் நூறு கோடி டாலருக்கும் மேல். கம்பெனிக்குத் திரும்பியிருந்த ஜாப்ஸ், மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்கிறது என்று மேடையில் அறிவித்தார். பெரிய திரையில் பில் கேட்ஸ் முகம் தெரிந்ததும் மெக் ரசிகர்கள் 'பூ' என்று கத்தினார்கள். பாவம், அவர்களுக்கு வேண்டியதும் அந்த ஒப்பந்தத்தில்தான் இருந்தது. இன்னும் ஐந்து வருஷத்துக்கு மெக்குக்கும் ஆபீஸ் புரோகிராம் எழுதித்தர கேட்ஸ் சம்மதித்திருந்தார்.