பதுளை மணியும் கணினிக் கணக்கும்

மின்சாரப் பற்றாக்குறையை முன்னிட்டு, 1996 மே 25 அன்று இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டன. பதுளைத் தோட்டங்களில் காலை 7 மணியை ஒட்டியே கதிரவன் உதித்தான். அவ்வாண்டு ஒக்டோபர் 26 அன்று அரை மணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15 அன்று பழைய நேரமே மீண்டது.

அவ்விடைக்காலத்தில் பிறந்த பிள்ளையின் சாதகத்தைக் கணிப்போர் இவ்வேறுபாட்டைக் கழித்தல் வேண்டும்; தவறின் இலக்கினமே மாறக்கூடும். இதே இடர் கணினிக்கும் உண்டு. ஆதலின் இணையச் சேவையகங்கள் பெரும்பாலும் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த வினாடிகளையே எண்ணுகின்றன. அனுப்பும் மறுமொழியில் கிரீனிச் நேரத்தையே பொறிக்கின்றன. நாடுதோறும் நேர்ந்த மாற்றங்களின் அட்டவணையே அதனைப் பதுளை மணியாக்குகிறது. எவ்வூர் மணி என்று உரைக்காத மணி, பாதிச் செய்தியே.