நேத்திர க்ஷயம்

க்ஷயரோகம் சுவாசகோசத்தை அரிக்கும் வியாதி என்றே பொதுஜனங்கள் எண்ணினும், நுரையீரலிலோ நெறிக்கட்டிகளிலோ குடிகொண்ட கிருமி ரத்த ஓட்டத்தின் வழியே கண்ணையும் சென்றடைவதுண்டு. இமை முதல் பார்வை நரம்பு ஈறாக எப்பகுதியையும் அது பற்றக்கூடுமெனினும், விழித்திரைக்குப் பின்னே ரத்தநாளங்கள் செறிந்து கிடக்கும் கோராய்டு படலமே அதற்குப் பெரிதும் இலக்காகிறது.

இந்நோயைப் பற்றிய விஞ்ஞானம் கண்ணுக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்ட ஆப்தல்மாஸ்கோப் என்னும் கருவி, உயிருள்ள மனிதனின் கண்ணுட்புறத்தைக் காணும் வாய்ப்பை வைத்தியர்களுக்கு அளிக்க, நான்கே ஆண்டுகளில் எடுவர்ட் யேகர், கோராய்டில் எழும் க்ஷய முடிச்சுகளை, விளிம்பு மங்கி மஞ்சள் சாம்பல் நிறமாய்த் தோன்றும் அச்சிறு புள்ளிகளை, வர்ணித்தார். அவை பிற உறுப்புகளில் காணும் க்ஷய முடிச்சுகளே என்பதை 1867-இல் கோன்ஹைம் மைக்ராஸ்கோப் கொண்டு நிலைநாட்டினார். க்ஷயம் தொற்றும் என்பதை முன்னர் ஒப்பாதிருந்த அவரே, பின்னர் நோயுற்ற திசுவின் துணுக்கை முயலின் கண்ணுள் வைத்து, தெளிந்த கருவிழியின் ஊடே நாள்தோறும் நோக்கியிருந்தார். காயம் ஆறி, கண் அமைதியுற்று, சில வாரங்கள் கழிந்தபின், ஐரிஸ் திரையின்மீது முடிச்சுகள் அரும்புவதைக் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அறுத்துப் பாராமலே நோயின் ஜனனத்தைக் காட்டிய இச்சோதனை, வைத்திய சாஸ்திரத்தின் மிகச் சிறந்த சோதனைகளுள் ஒன்றென்பதில் ஐயமில்லை. 1882-இல் கிருமியைக் கண்டறிந்து அறிவித்த ராபர்ட் கோக்கும் முயலின் கண்ணையே தம் சோதனைகளுக்குப் பயன்படுத்தினார்.

கிருமி நேரே புகாமல், அதன்பால் உடல் கொள்ளும் மிகையுணர்ச்சியால் விளையும் கோளாறுகள் வேறொரு வகை. குழந்தைகளின் கருவிழி ஓரத்தில் அரிசிக்குருணை போல் எழுந்து, நீர் வடியச் செய்து, வெளிச்சத்தில் கண் திறக்கவொட்டாமல் வருத்தும் பிளிக்டன் என்னும் கொப்புளம் இவ்வகையது. வாலிபர்களின் கண்ணுள் திரும்பத் திரும்ப ரத்தம் கசியும் ஈல்ஸ் நோயையும் இதனுள் அடக்குவதே பொருந்தும்.

தற்காலத்தில் மாண்டோ சோதனை, மார்பு எக்ஸ்ரே, பி.சி.ஆர். முதலியவற்றால் நோயை நிர்ணயித்து, ஆறு மாதமோ அதற்கு மேலோ கூட்டு மருந்துகள் அளிக்கின்றனர். அவற்றுள் எத்தாம்புட்டால் சிலருக்குப் பார்வை நரம்பையே தாக்குமாதலால், அதனை உட்கொள்ளுங்கால் சிவப்பும் பச்சையும் மங்கித் தோன்றினாலும், பார்வை சற்றே குறைந்தாலும், நோயாளி காலதாமதமின்றி வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும்.