தணிக்கையில் மறைந்த இசை நாடகம்

இத்தாலிய இசை மேதை ஜூசெப்பே வெர்டியின் புகழ் உலகெங்கும் பரவியது. அவருடைய 'ரிகோலெத்தோ', 'இல் திரவத்தோரே', 'லா திராவியாத்தா' என்னும் மூன்று நாடகங்களும் 1851க்கும் 1853க்கும் இடையே அரங்கேறின. இன்றளவும் அவை மேடையை விட்டு இறங்கியதில்லை. இம்மூன்றுக்கும் சற்று முன்னர், 1850ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள், திரியெஸ்தே நகரில் அவருடைய மற்றொரு நாடகம் அரங்கேறியது. அதன் பெயர் 'ஸ்டிஃபேலியோ'. மேதையின் கைத்திறன் முதிர்ந்து வந்த காலத்தில் பிறந்த இந்நாடகம் நூறு ஆண்டுகளுக்கு மேல் எவராலும் காணப்படாமல் மறைந்து கிடந்தது. 1993ஆம் ஆண்டு இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் இது நடிக்கப்பெற்றபோது படமாகவும் பதிவு செய்யப்பட்டது. அப்படத்தை அண்மையில் நான் கண்டேன். அதில் கண்டவற்றையும், அதன் பின்னேயுள்ள வரலாற்றையும் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஓபரா எனப்படும் இத்தாலிய இசை நாடகத்தில் மாந்தர் பேசுவதெல்லாம் பாட்டாகவே அமையும். கவிஞர் ஒருவர் பாடல் நூலை எழுதுவார். இசைப் புலவர் அதற்கு இசையமைப்பார். பெரியதொரு வாத்தியக் குழு மேடைக்கு முன்னே அமர்ந்து பாட்டைத் தாங்கிச் செல்லும். 'ஸ்டிஃபேலியோ'வின் பாடல் நூலை எழுதியவர் பிரான்செஸ்கோ மரியா பியாவே. சுவெஸ்திரர், பூர்ழுவா என்னும் பிரெஞ்சு நாடகாசிரியர் இருவர் 1849இல் எழுதிய ஒரு நாடகமே அவர் கதைக்கு மூலமாகும்.

கதையில் மன்னரும் இல்லை, போர்க்களமும் இல்லை. ஸ்டிஃபேலியோ ஜெர்மானிய நாட்டில் வாழும் ஒரு புரொட்டஸ்டண்ட் போதகன். அவன் நெடுந்தொலைவு சென்று திரும்பிய வேளையில், மாமனாரின் மாளிகைச் சாளரத்திலிருந்து யாரோ ஓர் ஆடவன் குதித்தோடினான் என்ற செய்தி எட்டுகிறது. ஓடியவன் தவற விட்ட தாள்கள் போதகனிடம் தரப்படுகின்றன. அவற்றைப் படித்தால் ஒருவன் குற்றம் வெளிப்படும். அவனோ படிக்காமலே அவற்றைத் தீயிலிடுகிறான். பிறர் குற்றத்தை மன்னிப்பது அவனுக்கு அத்துணை எளிதாக இருக்கிறது. ஓடியவன் ரஃபாயேலே என்பதையும், அவனிடம் நிலை தவறியவள் தன் மனைவி லீனாவே என்பதையும் அவன் அப்போது அறியான். சற்று நேரத்திற்குள் மனைவியின் விரலில் மணமோதிரம் இல்லாததை அவன் காண்கிறான். ஊருக்கு உபதேசம் செய்த நாவுக்கு அந்தக் கணம் முதல் சோதனை தொடங்குகிறது.

இரண்டாம் அங்கம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் நிகழ்கிறது. லீனாவின் தந்தை ஸ்டாங்கர் முதிய படைவீரர். குடிப்பெருமை காக்க வாளெடுத்து ரஃபாயேலேயைப் போருக்கு அழைக்கிறார். இடையே வந்து தடுக்கும் போதகனுக்கு அங்கேதான் உண்மை தெரிய வருகிறது. சமாதானம் பேச வந்தவன் தானே வாளை எடுக்கிறான். அதே நேரத்தில் கோயிலுக்குள்ளிருந்து மக்கள் பாடும் பிரார்த்தனைப் பாட்டு கேட்கிறது. அவன் சொல்லைக் கேட்க அவர்கள் காத்திருக்கிறார்கள். கணவனின் சினமும் போதகனின் கடமையும் ஒரே நெஞ்சில் மோத, அவன் சிலுவையின் அடியில் வீழ்கிறான்.

மூன்றாம் அங்கத்தில் ஸ்டிஃபேலியோ மனைவியின் முன் மணவிலக்குப் பத்திரத்தை நீட்டுகிறான். அவள் கையொப்பமிடுகிறாள். இட்ட பிறகு, இனி நான் உம் மனைவியல்லள், ஆதலால் கணவனிடமன்றிப் போதகரிடம் பேசுகிறேன், என் பாவசங்கீர்த்தனத்தைக் கேளும் என்கிறாள். கணவனாக மறுக்கலாம், போதகனாக மறுக்க இயலுமா? தான் வஞ்சிக்கப்பட்டதையும், தன் அன்பு என்றும் அவனிடமே இருந்ததையும் அவள் கூறுகிறாள். அதற்குள் ஸ்டாங்கர் ரஃபாயேலேயைக் கொன்றுவிட்டுக் குருதி தோய்ந்த வாளுடன் வருகிறார்.

இறுதிக் காட்சி கோயில். போதகன் மேடையேறி வேதநூலைத் திறக்கிறான். கண்ணில் படுவது, விபசாரக் குற்றத்திற்காகக் கல்லெறியப்பட இருந்த பெண்ணை இயேசு காத்த பகுதி. அவன் அதனைப் படிக்கிறான். மன்னிக்கப்பட்டாள் என்ற சொல்லைக் கூட்டம் திருப்பிச் சொல்ல, திரை வீழ்கிறது.

இத்தகைய நாடகத்தைக் கண்டு அக்காலத் தணிக்கை அதிகாரிகள் ஏன் அஞ்சினர்? அந்தக் காலத்தை நாம் நினைவுகொள்ள வேண்டும். இத்தாலி அப்போது ஒரு நாடாக ஒன்றுபடவில்லை. அவ்வொற்றுமை 1861இல்தான் கைகூடிற்று. திரியெஸ்தே ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. 1848ஆம் ஆண்டுப் புரட்சிகள் அடக்கப்பட்ட பின், மேடையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் ஐயத்தோடு நோக்கப்பட்டது. மேலும் கத்தோலிக்க மக்களிடையே குருமார் மணம் செய்துகொள்வதில்லை. மணமான குரு, மனைவியின் பிழை, மணவிலக்கு, மேடையில் கோயில், பாடகன் வாயில் வேதவாக்கு ஆகிய அனைத்தும் ஒரே நாடகத்தில் வந்தால் அதிகாரிகள் வாளாவிருப்பரோ? மணவிலக்கு இத்தாலியச் சட்டத்தில் 1970இல்தான் நிலையாக இடம் பெற்றது என்பதையும் கருதிப் பாருங்கள்.

தணிக்கையாளர்கள் நாடகத்தைத் தடை செய்யவில்லை, சொற்களை மாற்றினர். லீனா பாவசங்கீர்த்தனம் கேட்கும் இடத்தில், தன் பேச்சைக் கேட்குமாறு கணவனை வேண்டுவதாக மாற்றினர். இறுதிக் காட்சியில் வேதநூலின் வாசகம் நீக்கப்பட்டது. பிற நகரங்களில் நாடகத்தின் பெயரே 'குலியெல்மோ வெல்லிங்ரோடே' என்று மாறிற்று. அதில் போதகன் ஓர் அரசவை அமைச்சனாகிவிட்டான்! அமைச்சன் ஒருவன் மனைவியை மன்னித்தாலென்ன, மன்னிக்காவிட்டாலென்ன? ஊருக்கு உபதேசிப்பவன் தன் வீட்டில் அவ்வுபதேசத்தைக் கடைப்பிடிக்க முடியுமா என்ற வினாவே நாடகத்தின் உயிர். அவ்வுயிரை நீக்கி உடலை மட்டும் நடமாட விட்டனர். நாடகத்தின் நடுநரம்பு எது என்பதைத் தணிக்கையாளர்கள் நன்கு அறிந்திருந்தனர் என்றே நான் எண்ணுகிறேன். அறியாதவர் கை அத்துணைச் சரியாக அங்கே சென்று படாது.

வெர்டிக்கு இக்கதையில் தனிப்பட்ட பற்று இருந்திருக்கக் கூடும். ஜூசெப்பீனா ஸ்திரெப்போனி என்னும் பாடகியுடன் அவர் அந்நாளில் புசெத்தோ என்ற சிற்றூரில் திருமணமின்றி வாழ்ந்து வந்தார். 1859இல்தான் இருவரும் மணந்துகொண்டனர். அப்பெண்மணியின் முன்னை வாழ்வைச் சுட்டி ஊரார் தூற்றினர். பழி சுமந்த பெண்ணுக்காகப் பேசும் நாடகத்தை அவர் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சிதைந்த வடிவில் நாடகம் நடிக்கப்படுவதில் மனம் வெறுத்த வெர்டி, இறுதியில் அதனைக் கைவிட்டார். பியாவேயின் உதவியோடு கதையை இடைக்காலத்திற்கு மாற்றினார். போதகன் சிலுவைப் போரிலிருந்து திரும்பிய வீரனானான். 'அரோல்டோ' என்ற பெயருடன் அப்புதிய நாடகம் 1857ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் ரிமினி நகரில் அரங்கேறியது. பழைய நாடகத்தின் மூல ஏட்டிலிருந்தே பக்கங்களை எடுத்துப் புதியதற்குப் பயன்படுத்தினார் ஆசிரியர். ஆகவே அதிகாரியின் கோல் தொடங்கிய வேலையை ஆசிரியரின் கையே முடித்து வைத்தது எனலாம்.

இந்நாடகம் மீண்ட வரலாறும் சுவை மிக்கது. நகல் எழுதுவோர் படியெடுத்த ஏடுகள் 1960களில் நேப்பிள்ஸ் நகர இசைக் கல்லூரியில் கிடைத்தன. அவற்றைக் கொண்டு 1968 டிசம்பரில் பார்மா நகரில் நாடகம் மீண்டும் மேடையேறியது. ஆயினும் படிகளில் தணிக்கையின் தழும்புகள் இருந்தன. 1992இல் வெர்டியின் வழித்தோன்றல்கள் தம்மிடமிருந்த மூலக் கையெழுத்துப் பக்கங்களை ஆராய்ச்சியாளர் காண இசைந்தனர். அமெரிக்க இசை அறிஞர் பிலிப் காசெட் முதலியோரின் உழைப்பால், ஆசிரியர் முதலில் எழுதிய சொல்லும் இசையும் தெளிவாயின. ஆண்டு ஒன்று கழிவதற்குள் இலண்டனிலும், பின்னர் நியூயார்க்கிலும் நாடகம் நடிக்கப்பெற்றது.

நான் கண்ட இலண்டன் படத்தில் ஸ்டிஃபேலியோவாகப் பாடியவர் ஹோசே கரேராஸ். 1987இல் இரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகி, மீண்டு வந்து பாடியவர் அவர். லீனாவாகக் கேத்தரின் மால்ஃபிடானோவும், ஸ்டாங்கராகக் கிரகரி யூரிசிச்சும் பாடினர். வாத்தியக் குழுவை நடத்தியவர் எட்வர்டு டவுன்ஸ்.

மேடை நாடகத்தைப் படமாகக் காண்பதில் ஓர் இழப்பும் ஓர் ஊதியமும் உண்டு. அரங்கில் அமர்ந்தவனுக்கு மேடை முழுவதும் தெரியும். எங்கே நோக்குவது என்பதை அவனே முடிவு செய்கிறான். படத்திலோ நம் கண்ணை இன்னொருவர் நடத்திச் செல்கிறார். ஆனால் கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கு ஒருபோதும் எட்டாத முகத்தைப் படம் நம் அருகே கொண்டுவந்துவிடுகிறது. இந்நாடகத்தில் பெரிய நிகழ்ச்சிகள் யாவும் முகத்தில் நிகழ்பவை. மோதிரமற்ற விரலைக் கண்டவனின் முகமும், கையொப்பமிட்டு நிமிரும் பெண்ணின் முகமும் நெருங்கி நின்று காணத்தக்கவை.

இறுதிக் காட்சியில் நான் ஒன்றை வியந்தேன். அங்கே போதகனுக்கு நெடிய பாட்டு எதுவும் வெர்டி அளிக்கவில்லை. வேதம் ஓதுவதுபோல அடங்கிய குரலில் சொல்கிறான்; அந்த ஒரு சொல்லில் மட்டும் குரல் உயர்கிறது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. மன்னித்தது கணவனா, போதகனா, அல்லது அவன் கையிலிருந்த நூலா? நாடகம் விடை கூறவில்லை. வீட்டிலே கொலையுண்டு கிடக்கும் ரஃபாயேலேயைப் பற்றியும் அங்கே ஒருவரும் பேசவில்லை. மகிழ்ச்சியான முடிவு என்று கைதட்டி எழ என் மனம் இசையவில்லை. ஆயினும் அந்தச் சொல்லின்றி அம்மனிதர்கள் வாழ வேறு வழியும் இல்லை என்று உணர்ந்தேன். 1850இல் திரியெஸ்தே மக்கள் கேட்க முடியாமற் போனது அக்காட்சியின் உயிராகிய அந்த வேதவாக்கைத்தான்.

மாணவ நண்பர்களே, பழைய நூல் ஒன்றை எடுக்கும்போது, இது யார் யார் கை வழியாக நம்மிடம் வந்தது என்று கேளுங்கள். ஆசிரியர் எழுதியது எது, அதிகாரி மாற்றியது எது என்று ஆராய்வதும் வரலாற்றுக் கல்வியே. கூலிக்குப் படியெடுத்த பெயர் தெரியாத எழுத்தர்கள் இல்லையேல் இந்நாடகம் மீண்டும் மேடையேறும் நாள் வந்திராது. பேரரசின் தணிக்கை அலுவலகம் மறைந்தது. அந்த எழுத்தரின் ஏடு நின்றது.