வெள்ளெலி லாயம்: இரண்டு சயாம் இளவரசர்களின் ரேஸ் கார் கதை

இப்போதெல்லாம் வீட்டு ஷெட்டில் பழைய ரேஸ் கார் ஒன்றை அப்பாவும் மகனுமாகப் பிரித்து மாட்டுகிறார்கள் என்றால், பக்கத்தில் ஒரு கேமரா ஓடிக்கொண்டிருக்கும். இன்ஜினை இறக்கியது, துருவைச் சுரண்டியது, முதல் முறை ஸ்டார்ட் ஆனது, ரேஸில் நடுவழியில் நின்றுபோனது என்று எல்லாமே வாரம் ஒரு வீடியோவாக இணையத்துக்கு வந்துவிடும். முன்பின் தெரியாதவர்கள்கூட அதைத் தங்கள் வீட்டுக் கார் போல நினைத்துக் கவலையோடு பார்ப்பார்கள்.

2005-இல் யூடியூப் வந்த பிறகு பிறந்த பழக்கம் இது என்று தோன்றும். ஆனால் 1930களிலேயே ஒரு குடும்பம் இதே வேலையைச் செய்திருக்கிறது. அவர்களிடம் வீடியோ இல்லை. பேனா இருந்தது. அந்தக் கதைதான் இது.

சித்தப்பாவை வளர்த்த பிள்ளை

சயாம் (1939-இல்தான் அதன் பெயர் தாய்லாந்து ஆனது) அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் சுலா சக்ரபோங்ஸே. 1908-இல் பிறந்தவர். அரசர் சுலாலங்கோர்னின் பேரன். அம்மா ரஷ்யப் பேரரசைச் சேர்ந்தவர். அப்பா 1920-இல் இறந்துவிட்டார். சுலா இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார்.

பீரபோங்ஸே பாணுதேஜ், சுருக்கமாக பீரா, 1914-இல் பாங்காக்கில் பிறந்தார். 1927-இல் ஈட்டன் பள்ளியில் படிக்க இங்கிலாந்து வந்தார். அம்மா ஏற்கெனவே இல்லை. அடுத்த வருடமே அப்பாவும் போய்விட்டார். அந்நிய நாட்டில் தனித்துப் போன பையனைப் பிறகு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் சுலா.

ஆங்கிலப் புத்தகங்கள் இருவரையும் 'கஸின்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகின்றன. தமிழில் கணக்குப் போட்டால் வேடிக்கையாக இருக்கும். சுலாவின் தாத்தாவும் பீராவின் அப்பாவும் உடன்பிறந்த அண்ணன் தம்பிகள். அப்படியென்றால் ஆறு வயது இளையவரான பீரா, சுலாவுக்குச் சித்தப்பா முறை! சித்தப்பாவைப் பிள்ளை வளர்த்த கதை இது.

1935 மார்ச்சில் சயாம் அரசர் பிரஜாதிபோக் முடி துறந்தார். தாய் வெளிநாட்டவர் என்பதால் சுலாவுக்கு அரியணை வாய்ப்பு இல்லை. அதே வசந்த காலத்தில் லண்டனுக்கு அருகே உள்ள புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில், சிறிய ரைலி கார் ஒன்றில் பீரா ரேஸ் ஓட்டத் தொடங்கினார். நாட்டை ஆளக் கிடைக்காத சுலாவுக்கு, ஆள ஒரு ரேஸ் டீம் கிடைத்தது.

எலி எப்படி வந்தது?

சுலாவின் செல்லப்பெயர் 'நூ'. தாய் மொழியில் எலி என்று பொருள். அதனால் டீமின் பெயர் 'வெள்ளெலி லாயம்' ஆனது. காரின் பக்கவாட்டில் ஒரு வெள்ளை எலி. காருக்கு வெளிர் நீல வண்ணம். அந்த நீலத்துக்கே பிற்பாடு 'பீரா நீலம்' என்று பெயர் வந்துவிட்டது.

ரைலிக்குப் பிறகு ஒரு எம்.ஜி. கார். பிறகு 1935 ஜூலையில் பீராவின் 21-ஆவது பிறந்தநாள். சுலா கொடுத்த பரிசு ஒரு புத்தம் புதிய ஈ.ஆர்.ஏ. ரேஸ் கார். அதன் எண் ஆர்2பி. அதை எடுத்துக்கொண்டு பிரான்சின் தியெப் நகருக்குப் போனவர், முதல் ரேஸிலேயே இரண்டாம் இடம் பிடித்தார். 1936-இல் மொனாக்கோவில் சிறிய கார்களுக்கான கோப்பையை வென்றார்.

ஈ.ஆர்.ஏ. என்பது இங்கிலாந்தின் போர்ன் என்ற சிற்றூரில் 1933-இல் தொடங்கிய நிறுவனம். ஒன்றரை லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். சூப்பர்சார்ஜர் உதவியால் சுமார் 150 குதிரைத்திறன். இதன் கியர்பாக்ஸ் விசித்திரமானது. அடுத்து எந்த கியர் வேண்டும் என்று ஒரு சிறு நெம்புகோலால் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்துவிடலாம். வளைவு வந்ததும் காலால் மிதியை அழுத்தினால் போதும், கியர் மாறிவிடும். அந்தத் தருணத்தில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும்.

இரண்டாவது ஈ.ஆர்.ஏ. வந்ததும் இரண்டுக்கும் ரோம் நகரின் இரட்டையர் பெயர்களைச் சூட்டினார்கள். பழையது ரோமுலஸ், புதியது ரீமஸ். மூன்றாவது வந்தபோது ரோமில் பெயர் தேடவில்லை. சொந்த ஊரின் ராமாயணமான ராமகியெனிலிருந்து எடுத்தார்கள். அந்தக் காரின் பெயர் ஹனுமான்! 1939-இல் பிரான்சின் ரீம்ஸில் நொறுங்கிய ஹனுமான், மீண்டும் கட்டப்பட்டு எழுந்து வந்தது. பெயர்ப் பொருத்தம் அப்படி.

பிரிட்டிஷ் ரேஸ் டிரைவர்கள் சங்கத்தின் தங்க நட்சத்திர விருதை 1936, 1937, 1938 என்று மூன்று வருடமும் பீராவே வாங்கினார்.

சுலா செய்த வேலை

ஸ்டியரிங் பிடித்தவர் பீரா. மற்றதெல்லாம் சுலா. கார் வாங்குவது, மெக்கானிக்குகளை அமர்த்துவது, ஸ்டாப்வாட்சைப் பிடித்து நேரம் குறிப்பது, ஓட்டுபவருக்குப் பலகையில் சைகை காட்டுவது எல்லாம் அவர் கையில். பணக்காரப் பையன்கள் பொழுதுபோக்காக ரேஸ் ஓட்டிய காலத்தில் இந்த டீம் ஒரு அலுவலகம் போல நடந்தது. இங்கே மெக்கானிக்காக இருந்த 'லாஃப்டி' இங்கிலாந்து என்பவர்தான் 1950களில் லே மான் பந்தயத்தை வென்ற ஜாகுவார் அணியின் மேலாளர்.

இவற்றோடு சுலா இன்னொரு வேலையும் செய்தார். எழுதினார். 1936 சீசன் முடிந்ததும் அந்த வருடத்து ரேஸ்களைப் பற்றி ஒரு புத்தகம். பிறகு அடுத்தடுத்துப் புத்தகங்கள். எந்த ரேஸில் என்ன நடந்தது, எங்கே கணக்கு தப்பியது என்று ஒரு டீமுக்குள் நடப்பதை வெளியே இருப்பவர்களுக்குச் சொன்னார். ரேஸ் மைதானத்துக்கே போகாத ஒருவர் வீட்டில் உட்கார்ந்தபடி வெள்ளெலி லாயத்துக்குள் நுழைய முடிந்தது.

பழைய காரில் பட்ட சூடு

வென்ற கதையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இந்த டீம் பலமாக அடி வாங்கிய கதை ஒன்றும் உண்டு. அது ஒரு பழைய காரால் வந்தது.

1936-இல் இவர்களின் புத்தம் புதிய ஈ.ஆர்.ஏ. கார்களை ஒரு கிழட்டுக் கார் தோற்கடித்தது. அது 1927-ஆம் வருடத்து பிரெஞ்சு டெலாஜ். எட்டு சிலிண்டர். அந்தக் காலத்தில் கிராண்ட் பிரி பந்தயங்களை அள்ளிய வண்டி. ரிச்சர்ட் சீமன் என்ற இளைஞர் அதை வாங்கி, இத்தாலிய மெக்கானிக் ஜூலியோ ராம்போனியிடம் கொடுத்தார். ராம்போனி அதைத் திருகு திருகாகப் பிரித்து, எடையைக் குறைத்துத் திரும்பக் கட்டினார். ஒன்பது வயதான கார், பிறந்த வருடத்தைப் போலவே மறுபடி ஜெயித்தது.

பார்த்துக்கொண்டிருந்த சுலாவுக்கு ஆசை வந்துவிட்டது. சீமன் 1937-இல் மெர்சிடிஸ் அணிக்குப் போனபோது அந்த டெலாஜை வாங்கினார். அதோடு நிற்காமல், காரை முதலில் வடிவமைத்த ஆல்பெர் லோரியிடமே நவீன முன் சஸ்பென்ஷனோடு புதிய சேஸிஸ் செய்யச் சொன்னார். பணம் தண்ணீராகச் செலவழிந்தது. கார் கடைசிவரை ஓடவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத் தொல்லை கொடுத்தது. கடைசியில் விற்றுத் தொலைத்தார்கள்.

ராம்போனி காரை அதன் இயல்பு கெடாமல் சீராக்கினார். சுலா அதை வேறு காராக்கப் பார்த்தார். பழைய காரைக் கையில் எடுக்கும் எல்லோருக்கும் இந்த இரண்டு வழியும் முன்னால் நிற்கும். சுலாவுக்குச் சீமன் மேல் கோபம் எதுவும் இல்லை. 1939-இல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தில் சீமன் இறந்தபோது, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியதே சுலாதான்.

காற்றோடு போன ஒளிபரப்பு

1937-இல் லண்டன் நகரத்துக்குள்ளேயே கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் புதிய ரேஸ் தடம் திறக்கப்பட்டது. அங்கே அக்டோபர் 9-ஆம் தேதி இம்பீரியல் டிராபி பந்தயம் நடந்தது. பி.பி.சி. அதற்குத் தன் வெளிப்புற ஒளிபரப்பு வண்டியை அனுப்பியது. பி.பி.சி.யின் முறையான தொலைக்காட்சி சேவை தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. லண்டன் சுற்றுவட்டாரத்தில் மட்டுமே படம் தெரியும். தொலைக்காட்சியில் நேரலையாக வந்த முதல் கார் ரேஸ் அதுதான்.

அதில் வென்றவர் பீரா.

இன்று அந்த ஒளிபரப்பைத் தேடினால் கிடைக்காது. நேரலையைப் பதிவு செய்து வைக்கும் வழி அன்று இல்லை. ஆனால் அதே காலத்தில் திரையரங்குகளுக்காக ஃபிலிமில் எடுத்த செய்திப்படங்கள் பிழைத்துக்கொண்டன. சுலாவின் புத்தகங்களும் பிழைத்துக்கொண்டன. காட்டியது போய்விட்டது, பதிந்து வைத்தது மட்டும் நின்றது.

பிரிவு

1939 டிசம்பரில் பாங்காக்கில் ஒரு கிராண்ட் பிரி நடத்தத் திட்டம் இருந்தது. சொந்த மண்ணில் பீரா ஓட்டியிருக்க வேண்டியது. உலகப் போர் வந்து எல்லாம் நின்றது. போர்க்காலத்தில் இருவரும் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வாழ்ந்தார்கள். போர் முடிந்து பீரா மீண்டும் ஓட்டினார். 1948-இல் நெதர்லாந்தின் சாண்ட்வூர்ட் தடத்தில் நடந்த முதல் கார் ரேஸையும் வென்றார். அந்த வருடக் கடைசியில் வெள்ளெலி லாயம் கலைந்தது.

பீரா தனியே 1950 முதல் 1954 வரை ஃபார்முலா ஒன் ஓட்டினார். உலக சாம்பியன்ஷிப் பந்தயங்களில் நான்காம் இடத்துக்கு மேல் வர முடியவில்லை. காலையில் கணக்குப் போட்டு, மாலையில் அதைக் கதையாக எழுதிவைக்கும் சுலா அப்போது பிட்டில் இல்லை. பிறகு பீரா பாய்மரப் படகுப் போட்டியில் நான்கு ஒலிம்பிக்கில் தாய்லாந்துக்காகக் கலந்துகொண்டார்.

சுலா 1963 டிசம்பரில் 55 வயதில் இறந்தார். ரோமுலஸை மட்டும் அவர் கடைசிவரை விற்கவில்லை.

1985 டிசம்பர் 23-ஆம் தேதி லண்டனின் பேரன்ஸ் கோர்ட் பாதாள ரயில் நிலையத்தில் ஒரு முதியவர் மாரடைப்பால் சரிந்தார். சட்டைப்பையில் அடையாள அட்டை எதுவும் இல்லை. தாய் எழுத்தில் ஒரு கடிதம் மட்டும் இருந்தது. அதை வைத்து, தாய்லாந்துத் தூதரகம் வழியாகத்தான் இறந்தவர் பீரா என்று தெரிந்தது. 48 வருடங்களுக்கு முன் அதே லண்டனில் தொலைக்காட்சியின் முதல் ரேஸில் ஜெயித்தவரை, அந்த நடைமேடையில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

கார்கள் என்ன ஆயின?

ரீமஸைப் போருக்கு முன்பே டோனி ரோல்ட் வாங்கி, 1939-இல் பிரிட்டிஷ் எம்பயர் டிராபியை வென்றார். (போரில் சிறைப்பட்டு, கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையில் தப்பிப்பதற்காக ரகசியமாகக் கிளைடர் கட்டியவர்களில் இவரும் ஒருவர்!) 1959-இல் அது பாட்ரிக் லிண்ட்சே கைக்கு வந்தது. பழைய கார்களுக்கான பந்தயங்களில் 1986-இல் இறக்கும்வரை அவர் அதை ஓட்டினார். அவருக்குப் பிறகு அவர் மகன் அதே இருக்கையில் உட்கார்ந்தார். ஒரு குடும்பத்தில் தொடங்கிய கார், வேறொரு குடும்பத்தின் வீட்டுக் கார் ஆனது.

ஈ.ஆர்.ஏ. கார்களில் பெரும்பாலானவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. பழைய கார் பந்தயங்களில் அவை ஓடும்போது எடுத்த வீடியோக்கள் இணையத்தில் நிறைய உண்டு. ஓட்டுபவரின் தோளுக்குப் பின்னால் கேமரா வைத்த வீடியோ கிடைத்தால் விடாமல் பாருங்கள். வளைவுக்கு முன்பே அந்தச் சிறு நெம்புகோலைக் கை தட்டிவிட்டு வருவது தெரியும். சூப்பர்சார்ஜரின் ஊளைச் சத்தம் கேட்கும். எந்தப் புத்தகத்தாலும் தர முடியாதது அந்தச் சத்தம்.

2014-இல் பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் சுமார் 85,000 பழைய செய்திப்படங்களை யூடியூபில் ஏற்றியது. சினிமாக் கொட்டகையில் ஒரு வாரம் ஓடிவிட்டுப் பெட்டிக்குள் போன படங்களை இப்போது யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1930களின் ரேஸ் தடங்களும் அவற்றில் மறுபடி உயிர்பெற்றன. 2019-இல் அலெக்ஸ் ஆல்பன் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தபோது, தாய்லாந்துக்காக அவருக்கு முன்னால் ஓட்டியவர் யார் என்ற கேள்வி எழுந்தது. பதில் சொல்லப் புத்தகம் இருந்தது, படம் இருந்தது, ஓடும் காரும் இருந்தது.

ஆக, ஷெட்டில் கேமரா வைத்துக்கொண்டு பழைய காரைக் கட்டும் குடும்பங்களைப் பார்த்து, விளம்பர ஆசை என்று சிரிக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் யார் யாரோடு சேர்ந்து என்ன செய்தார்கள், எதில் தோற்றார்கள் என்பது அந்த வீடியோவில்தான் தங்கும். ரயில் நிலையத்தில் பெயர் தெரியாமல் கிடந்த மனிதருக்கு வரலாற்றில் பெயர் நிலைத்ததற்கு, வளர்த்த பிள்ளை எழுதி வைத்ததும் ஒரு காரணம்.