அரைப் புள்ளியின் வரலாறு

சதுரங்கத்தில் வெற்றிக்கு ஒரு புள்ளி. சமநிலைக்கு ஆளுக்கு அரைப் புள்ளி. வலயமட்டப் போட்டிக்குப் போகும் நம் மாணவிகள் எல்லோருக்கும் இது தெரியும். அந்த அரைப் புள்ளி வந்த வரலாறு தெரிந்தவர்கள் குறைவு.

1862இல் இலண்டனில் நடந்த போட்டியில் எல்லோரும் எல்லோருடனும் ஆடினார்கள். ஆனால் சமநிலையில் முடிந்த ஆட்டம் கணக்கில் வராது, திரும்பவும் ஆடவேண்டும். மணிக்கணக்காகத் தாக்குப்பிடித்தவரின் உழைப்புக்குப் புள்ளிப் பட்டியலில் இடம் இருக்கவில்லை. 1867இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் நடந்த போட்டியிலேதான் சமநிலைக்கு அரைப் புள்ளி வழங்கப்பட்டது. நாளடைவில் அதுவே எங்கும் வழக்கமாயிற்று.

அந்த அரைப் புள்ளியின் அருமையை 1933ஆம் ஆண்டின் பிரித்தானியப் பெண்கள் சம்பியன் போட்டியில் காணலாம். ஹேஸ்டிங்ஸில் நடந்த அப்போட்டியில் வென்றவர் பாத்திமா. பஞ்சாபைச் சேர்ந்த சேர் உமர் ஹயாத் கானின் வீட்டில் பணிபுரிந்து, அக்குடும்பத்தோடு இங்கிலாந்து சென்றவர். அதே வீட்டைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் அவ்வாண்டும் பிரித்தானியச் சம்பியனானார். முந்திய ஆண்டு ஆறாம் இடம்பெற்ற பாத்திமா, இம்முறை 11 ஆட்டங்களில் 10இல் வென்று, ஒன்றைச் சமன்செய்து, 10½ புள்ளி பெற்றார்.

அந்த ‘½’ இரண்டு பெண்களின் கதையைச் சொல்கிறது. ஒருத்தி யாரிடமும் தோற்காதவர். மற்றவர், பத்துப் பேரை வென்றவருக்கு எதிரே அமர்ந்து தோற்காமல் எழுந்தவர். பழைய விதி இருந்திருந்தால் இரண்டாமவரின் அன்றைய ஆட்டம் பட்டியலில் பதிவாகியே இராது.

நூற்றாண்டு காணும் நாம் இதைச் சிந்திக்கவேண்டும். 2008, 2009 இடப்பெயர்வுகளில் வன்னிப் பாடசாலைகள் பலவற்றின் பதிவேடுகளும் படங்களும் அழிந்துபோயின. கிண்ணம் வென்றவர்களை ஊர் நினைவில் வைத்திருக்கும். அணியில் நின்று, வெல்லாமலும் தோற்காமலும் வீடு திரும்பிய பிள்ளைகளின் பெயர்கள் தாள்களில் மட்டுமே இருந்தன. அந்தத் தாள்கள்தான் இன்று இல்லை.

ஆகவே அக்காமாரே, தங்கைமாரே, கிளிநொச்சியில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும் உங்கள் பெட்டிகளை ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய சான்றிதழ், அணிப் படம், சதுரங்க ஆட்டப் பதிவுத்தாள் எது கிடைத்தாலும் பிரதியெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எதுவும் இல்லையென்றால், உங்களுடன் விளையாடியவர்களின் பெயர்களையும் ஆண்டையும் எழுதி அனுப்புங்கள். வெற்றிகளோடு சமநிலைகளையும் சேர்த்தே எழுதுங்கள்.